கண்வலிக்கிழங்கும் அதன் துணைப்பயிர்களும்: ஆறு ஏக்கர் மூலிகைப் பண்ணை பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பண்ணை, திருப்பூர் மாவட்டத்தில் மூலனூர் வட்டாரத்துச் செம்மண் நிலத்தில் இருக்கிறது. ஆறு ஏக்கர் பரப்பு. ஒரு கிணறு, அதற்குத் துணையாக ஓர் ஆழ்துளைக் கிணறு, சொட்டுநீர்க் குழாய்கள், நான்கு மாடுகள். கணவன், மனைவி, கணவனின் தாய் ஆகிய மூவரே நாள்தோறும் வேலை செய்பவர்கள். மற்ற வேலைக்குக் கூலி ஆட்கள் வருகிறார்கள். உடையவர் கேட்டுக்கொண்டபடி அவருடைய பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன். தொகைகளையும் அவர் அச்சில் காண விரும்பவில்லை என்பதால், வரவு செலவை விகிதங்களாகவே தருகிறேன். மூலிகைகளைச் சேர்த்துப் பயிரிட்டால் வருமானம் கூடும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இந்தப் பண்ணையில் உண்மையானது. ஆனால் அது எந்த வழியில் உண்மையானது என்பது நான் எதிர்பார்த்தபடி இல்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. அதை விளக்குவதே இந்த எழுத்தின் நோக்கம்.

மூலிகை என்பது இந்த வட்டாரத்துக்குப் புதியதன்று. மூலனூர், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு பல ஆண்டுகளாகப் பணப்பயிராக இருந்து வருகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளே அது. வேலியில் தானாகப் படர்ந்து கிடந்த கொடி, அதன் விதையில் கிடைக்கும் கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருளுக்காகத் தோட்டத்துக்குள் வந்தது. மூட்டுவாதத்துக்கான மாத்திரைகளிலும், தசைப்பிடிப்பைத் தளர்த்தும் மருந்துகளிலும் அந்தப் பொருளும் அதன் உறவுப் பொருள்களும் சேர்கின்றன. கிழங்கைவிட விதையில் கோல்ச்சிசின் கூடுதல் என்பதால் விவசாயி விற்பது விதையை. கிழங்கு நடவுக்கு மட்டும். விதையில் பெரும்பகுதி வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. உள்ளூரில் வாங்குவோர் சிலரே. ஆகவே விலை அங்கே அசைந்தால் இங்கே ஆடும். ஓர் ஆண்டு கிலோ மூவாயிரம் ரூபாயைத் தாண்டிய விதை, வேறோர் ஆண்டில் அதில் பாதிக்கு இறங்கியதை இந்தப் பகுதி கண்டிருக்கிறது. குறைந்தபட்ச ஆதரவு விலை வேண்டும் என்ற கோரிக்கை இங்கிருந்து திரும்பத் திரும்ப எழுவதற்குக் காரணமும் அதுவே.

நாம் பார்க்கும் பண்ணையில் இரண்டரை ஏக்கர் கண்வலிக்கிழங்கு, ஓர் ஏக்கர் முருங்கை, இரண்டு ஏக்கர் மானாவாரிச் சோளம், மீதி அரை ஏக்கர் வீடும் களமும் மாட்டுக்கொட்டகையும் என்று நிலம் பிரிந்திருந்தது. சோளம் மாட்டுத்தீவனத்துக்கே சரியாகப் போய்விடும். ஆண்டு வரவில் நூறு ரூபாய்க்கு எண்பத்தைந்து ரூபாய் கண்வலி விதையிலிருந்து வந்தது.

அந்த எண்பத்தைந்து ரூபாய் எப்படி வருகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பின்னால் வரும் எல்லா முடிவுகளும் அதில் தொங்குகின்றன. கிழங்கு ஆடியில் நடப்படுகிறது. ஐம்பது, அறுபது கிராமுக்குக் குறையாத கிழங்கே நல்ல கொடி தரும். கலப்பைக் கொழு போல இரு கிளையாக வளைந்த அந்தக் கிழங்கின் நுனியில்தான் முளைக்கண் இருக்கும். அது ஒடிந்தால் கிழங்கு வீண். எனவே நடவு மெதுவான வேலை. கொடி ஏறுவதற்குக் கம்பிப் பந்தலும், இடையிடையே உயிருள்ள கிளுவைக் குச்சிகளும் நிறுத்துகிறார்கள். இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பிடித்துக்கொள்ளும். புரட்டாசி முதல் பூக்கள் விரிகின்றன. பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, சிவந்து முடிய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. இந்தப் பூவின் அமைப்பில் ஒரு வேடிக்கை உண்டு: சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீண்டுவிடுகிறது, மகரந்தத்தாள்கள் ஆறும் வேறு திசைகளில் விரிகின்றன. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் தன் மகரந்தம் தன் சூல்முடியில் படுவது அரிது. ஆகவே காலை வெயில் ஏறுவதற்குள் ஆட்கள் ஒவ்வொரு பூவாகச் சென்று மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். இது இரண்டு மாதத்துக்கு மேல் ஏறக்குறைய நாள்தோறும் நடக்கும் வேலை. இதைத் தவறவிட்டால் காய் பிடிக்காது. மழைமூட்டம் நீடித்தால் இலைக்கருகல் வரும், புழு வேறு இலையைத் தின்னும். தை, மாசியில் காய் பறிக்கப்பட்டு, நிழலில் உலர்த்தி, விதை பிரிக்கப்படுகிறது.

இந்தச் சாகுபடியில் செலவு ஆடியிலும், அதைவிடக் கூடுதலாகப் புரட்டாசி முதல் கார்த்திகை வரையிலும் இருக்கிறது, வரவு மாசியில். நடுவே கூலி கொடுக்கக் கையில் பணம் இல்லை. அந்த இடைவெளியைத் தரகரின் முன்பணம் நிரப்பிவந்தது. முன்பணத்துக்கு வட்டி எழுதப்படுவதில்லை என்பது உண்மை. அறுவடையான உடனே அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே விதையைப் போட வேண்டும் என்பதே வட்டி. நன்றாக உலர்ந்த கண்வலி விதை மாதக்கணக்கில் கெடாது. வைத்திருந்து விற்கக்கூடிய ஒரு சரக்கை, வட்டாரம் முழுவதும் விற்கும் அதே பதினைந்து நாளில் இவரும் விற்றுக்கொண்டிருந்தார். தரகரைக் கெட்டவராகக் காட்ட இதைச் சொல்லவில்லை. வேறு யாரும் கொடுக்காத நேரத்தில் அவர் கொடுத்தார். அதற்கான விலையை எடுத்துக்கொண்டார்.

முதல் முயற்சி: ஒன்பது மூலிகைகள்

விதை விலை விழுந்த ஓர் ஆண்டின் முடிவில், ஒரே பயிரை நம்பக்கூடாது என்று அவர் முடிவு செய்தார். முடிவு சரி, செய்த விதம் சரியில்லை. சோளம் விதைத்துவந்த இரண்டு ஏக்கரிலும் முருங்கையின் இடைவெளியிலும் அவுரி, நித்தியகல்யாணி, மருந்துக்கூர்க்கன், துளசி, கீழாநெல்லி, சோற்றுக்கற்றாழை, அமுக்கரா, சிறுகுறிஞ்சான் ஆகிய எட்டையும், வேலியோரம் ஆடாதோடையையும் வைத்தார். ஒன்றின் விலை விழுந்தால் மற்றொன்று தாங்கும் என்பது அவர் கணக்கு. காகிதத்தில் அந்தக் கணக்கில் பிழையில்லை.

முதல் இடி பெயரில் விழுந்தது. வணிகர்கள் அவுரி என்று சொல்வது மலமிளக்கி மருந்துக்கு இலை தரும் நிலாவாரையை. அதற்குச் சென்னா என்றும் பெயர். ஆனால் சாயத்துக்கும் கூந்தல் தைலத்துக்கும் பயன்படும் நீலிச்செடிக்கும் ஊரில் அவுரி என்றே பெயர். அவர் ஒரு கடையில் அவுரி விதை கேட்டார். கடைக்காரர் கொடுத்தது நீலி. செடி அரையடி வளர்ந்த பிறகு, இலை சிறுத்து வருவதைப் பார்த்து ஐயம் கொண்டார். மஞ்சளாகப் பூக்க வேண்டியது இளஞ்சிவப்பாகப் பூத்தபோது ஐயம் தீர்ந்தது, பருவமும் தீர்ந்தது. மூலிகை விதையை ஊர்ப்பெயர் சொல்லி வாங்கக்கூடாது, பயன்படும் பகுதியையும் பூவின் நிறத்தையும் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதை அவர் இப்போது புதிதாக வரும் எல்லோரிடமும் சொல்கிறார். முடிந்தால் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட இரகத்தின் விதையையே வாங்குவது மேல்.

சோற்றுக்கற்றாழை நன்றாகவே விளைந்தது, விற்கத்தான் முடியவில்லை. இலைச்சோற்றில் 98 விழுக்காட்டுக்கு மேல் நீர். அதை ஏற்றிக்கொண்டு தொலைவுக்குப் போவது நீரைச் சுமந்துகொண்டு போவதற்கு ஒப்பானது. வெட்டிய இலையை விரைவில் பதப்படுத்தவும் வேண்டும். அருகில் ஆலை இல்லாதவருக்குக் கற்றாழை பயிரன்று, அலங்காரச் செடி. அவர் அதை உழுதுவிட்டார்.

மருந்துக்கூர்க்கன் வேறு விதத்தில் கைவிட்டது. சேலம், ஆத்தூர்ப் பகுதிகளில் ஒப்பந்த முறையில் பரவலாகப் பயிராகும் இதன் வேர்க்கிழங்கில் போர்ஸ்கோலின் என்னும் பொருள் கிடைக்கிறது. தண்டுத்துண்டை நட்டால் ஐந்து, ஆறு மாதத்தில் கிழங்கு எடுக்கலாம். அவர் அதை நட்ட மூலையில் முந்தைய ஆண்டு வீட்டுத் தேவைக்குக் கத்தரி இருந்தது. கத்தரியில் பெருகிய வேர்முடிச்சு நூற்புழு மண்ணிலேயே காத்திருந்து கூர்க்கனைப் பிடித்தது. செடி வாடியது, பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு. தேறிய கிழங்கையும் நறுக்கி உலர்த்தியபோது, பத்துக் கிலோ பச்சைக் கிழங்கு ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே வற்றியது அவருக்கு அதிர்ச்சியாக இருந்தது. அது இயல்பான வற்றல்தான். பச்சை எடையை வைத்துப் போட்ட கணக்கே தவறு.

இவை எல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். திருத்த முடியாத பிழை களத்தில் இருந்தது. ஒன்பது மூலிகைகளும் ஒரே களத்துக்கு வந்தன. அதுவும் மழைக்காலத்தை ஒட்டி வந்தன. இலை மூலிகையை நேர் வெயிலில் காயவைத்தால் பச்சை நிறம் வெளுத்துவிடும். நிழலில், மெல்லிய பரப்பாக, நாளுக்கு இரண்டு மூன்று முறை புரட்டிவிட்டு உலர்த்த வேண்டும். சென்னா இலைக்கே ஏழு முதல் பத்து நாள் பிடிக்கும். இவரிடம் இருந்த நிழல், மாட்டுக்கொட்டகையின் ஒரு பக்கமும் வீட்டுத் திண்ணையும். துளசியை அறுத்த மூன்றாம் நாள் அடைமழை பிடித்தது. குவித்து வைத்ததில் பூசணம் ஏறியது. கீழாநெல்லியை உலர்த்த இடமில்லாமல் அறுவடையைப் பத்து நாள் தள்ளினார். அதற்குள் அடியிலை உதிர்ந்தது. அமுக்கரா வேரைத் தோண்ட வேண்டிய மாசியில் வீட்டிலிருந்த அனைவரும் கண்வலிக் காயில் இருந்தார்கள். வேர் முற்றி நார் ஏறிய பிறகே மண்வெட்டி அந்தப் பக்கம் போனது.

அடுத்து, அளவு. ஒவ்வொரு மூலிகையிலும் சில மூட்டைகளே தேறின. விருதுநகர் வியாபாரி ஒருவர் நித்தியகல்யாணி இலையை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் இரண்டு மூட்டைக்காக வண்டி அனுப்ப மாட்டார். இவர் தம் செலவில் அனுப்பினால் வாடகை சரக்கின் விலையைத் தின்றுவிடும். ஒன்பது சரக்குக்கு ஒன்பது வியாபாரி, ஒன்பது தர அளவு, ஒன்பது பேரம். முன்பு ஒருவரிடம் கட்டுப்பட்டிருந்தவர் இப்போது ஒன்பது பேர் வாசலில் நின்றார். அந்த ஆண்டின் நிகர வரவு, ஒற்றைப் பயிராக இருந்த ஆண்டைவிடக் குறைவு.

பயிரை விட்டுவிட்டுக் காலண்டரைப் பார்த்தது

இரண்டாம் ஆண்டுக்கான திட்டத்தை அவரும் மனைவியும் வேறு முனையிலிருந்து தொடங்கினார்கள். எந்த மூலிகைக்கு விலை அதிகம் என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, எந்த மாதங்களில் கையும் களமும் சும்மா இருக்கின்றன என்று பார்த்தார்கள். பங்குனி முதல் ஆனி வரை கண்வலி வேலை இல்லை. கொடி காய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் உறங்கும் காலம் அது. களம் காலி, வெயில் உண்டு, கூலி ஆட்களுக்கும் அந்தப் பருவத்தில் வேலை குறைவு. அந்த நான்கு மாதத்துக்குள் விளைந்து, உலர்ந்து, பணமாகக்கூடிய மூலிகை எது? விடை கையிலேயே இருந்தது: அவுரி என்று கேட்டு ஏமாந்த அதே நிலாவாரை.

தென் மாவட்டங்களில், குறிப்பாகத் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பகுதிகளில் நிலாவாரை நெடுங்காலப் பயிர். திருநெல்வேலிச் சென்னா என்ற பெயரிலேயே உலகச் சந்தையில் அறியப்பட்டது. பொதுவாக வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைப்பவர்களே மிகுதி. அப்படி விதைத்தால் இலை பறிப்பு மார்கழி, தை, மாசியில் வந்து இந்தப் பண்ணையின் காய் அறுவடையோடு மோதும். ஆகவே இவர்கள் சொட்டுநீர் உதவியோடு மாசி விதைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். பாசனப் பயிராகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விதைப்பது பரிந்துரையில் உள்ள முறையே. விதைத்த அறுபது, எழுபது நாளில், அதாவது சித்திரையில், முதல் பறிப்பு. தொண்ணூறு முதல் நூறு நாளில், வைகாசியில், இரண்டாவது. நூற்று முப்பது முதல் நூற்றைம்பது நாளில், ஆனியில், மூன்றாவது. முதலில் எழும் பூங்கொத்தைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடித்து இலை கூடும். தடித்த, நீலம் பாய்ந்த பச்சை இலையையே பறிக்க வேண்டும். கோடைக் காற்றில் நிழலில் போட்ட இலை நிறம் மாறாமல் காய்ந்தது. முதல் ஆண்டு பூசணம் பார்த்த அதே கொட்டகைதான். பருவம் மட்டும் வேறு.

மானாவாரி நிலத்தில் ஒன்றரை ஏக்கர் நிலாவாரைக்குப் போக, மீதி அரை ஏக்கர் தீவனச் சோளத்துக்குத் திரும்பியது. மாட்டை விற்றுவிட்டு மூலிகை வைக்கலாம் என்ற எண்ணம் இடையில் இருந்தது. எருவுக்கும் பாலுக்கும் மாடு தேவை என்று தாயார் தடுத்துவிட்டார். அவர் தடுத்தது நல்லதே.

இரண்டாவதாகத் தங்கியது கீழாநெல்லி. முருங்கையின் மெல்லிய நிழல் அதற்குப் பொருந்துகிறது. சித்திரையில் நாற்றங்கால் விட்டு, நாற்றை எடுத்து நட்டு, ஆடியில் வேரோடு பிடுங்கலாம். தொண்ணூறு, நூறு நாள் போதும். இதில் கவனிக்க வேண்டியது களை. இலைக்கு அடியில் காய் தொங்கும் செடிகள் பல உண்டு. சிவந்த தண்டுடைய கீழாநெல்லியும் வேறு இன உறவுகளும் பாத்திக்குள் தாமே முளைத்துவிடும். உலர்ந்த பிறகு பிரிப்பது இயலாது. எனவே இளஞ்செடியாக இருக்கும்போதே பார்த்துப் பிடுங்க வேண்டும். இந்தக் கண் வீட்டுப் பெண்களுக்கு இருக்கிறது. கூலி ஆட்களுக்கு வர ஒரு பருவம் ஆனது.

மூன்றாவது, வேலி. ஆடாதோடை என்ற பெயரே ஆடு தொடாத இலை என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பெயர்க்காரணம் எப்படியிருந்தாலும் ஆடு தொடாதது உண்மை. இடையிடையே நொச்சியும் வைக்கப்பட்டது. நிலத்தில் ஒரு சாண் கூட எடுக்காமல், காவலுக்கும் ஆகி, ஆண்டுக்கு இருமுறை இலையும் தரும் இந்த வேலியை, விலை குறைவு என்று முதலில் அவர் பொருட்படுத்தவில்லை. இப்போது நிலாவாரை இலை ஏற்ற வரும் அதே வண்டியில் இதுவும் ஏறுகிறது. தனியாக விற்றால் வாடகைக்கும் கட்டாத சரக்கு, பெரிய சரக்கின் முதுகில் ஏறிச் சந்தைக்குப் போகிறது. சேர்த்துப் பயிரிடுவதன் பயன் இந்தச் சிறு கூறில் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

நித்தியகல்யாணி, ஓர் ஆண்டு முழுவதும் நிலத்தைப் பிடித்துக்கொள்வதால் நீக்கப்பட்டது. துளசியும் சிறுகுறிஞ்சானும் வீட்டு மருந்துக்கு மட்டும். நூற்புழு கண்ட மூலையில் செண்டுமல்லி விதைத்திருக்கிறார்கள். அதன் வேர் நூற்புழுவைக் குறைக்கும்.

கலக்கக்கூடாத கலப்பு

கண்வலி வரிசைகளுக்கு இடையே நிலம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்கும் எவருக்கும் அங்கே ஏதேனும் மூலிகை போடலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. இரண்டு காரணங்களால் அவர்கள் அதைச் செய்யவில்லை. முதலாவது, கொடி காய்ந்த பிறகும் கிழங்கு அதே இடத்தில் மண்ணுக்குள் இருக்கிறது. உறங்கும் காலத்தில் மேலே வேறு பயிருக்கு நீர் பாய்ச்சினால் கீழே கிழங்கு அழுகும், களை வெட்டினால் முளைக்கண் ஒடியும். இரண்டாவது காரணம் இதைவிடக் கடுமையானது. கண்வலியின் கிழங்கு, இலை, விதை அனைத்தும் நஞ்சு. கோல்ச்சிசின் மருந்தாவதற்கும் கொல்வதற்கும் இடைப்பட்ட அளவு மிகக் குறுகியது. கிழங்கை உணவுக் கிழங்கென்று எண்ணித் தின்று இறந்தவர்கள் உண்டு. செடியை முழுதாகப் பிடுங்கி உலர்த்தி, பொடியாகவோ கஷாயமாகவோ உள்ளே போகும் கீழாநெல்லியை இதன் பக்கத்தில் வைத்தால், ஒரு காந்தள் இலை உதிர்ந்து சருகோடு கலந்தாலும் அது யாருடைய வயிற்றுக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

ஆகவே நிலத்தில் மட்டுமன்றிக் களத்திலும் எல்லை வகுத்திருக்கிறார்கள். கண்வலிக் காய்க்கு மேற்குக் களம், இலைகளுக்குக் கொட்டகை. படங்கு, முறம், துடைப்பம், சாக்கு ஆகிய அனைத்தும் இரண்டு தொகுதிகள். கண்வலிக்கு உரியவற்றில் சிவப்புத் துணி முடிந்திருக்கும். விதை பிரிக்கும்போது தூசு பறப்பதால் கையுறையும் முகத்தில் துணியும் உண்டு. அந்த நாட்களில் குழந்தைகளும் மாடுகளும் அந்தப் பக்கம் வருவதில்லை. நல்ல வேளாண், சேகரிப்பு நடைமுறைகள் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சரக்குக் கலப்பைத் தவிர்ப்பது முக்கியமான கூறு. இவர்கள் அதைப் படித்துச் செய்யவில்லை. ஒரு கன்று காய்ந்த கொடியை மேய்ந்து செத்த பிறகு செய்தார்கள்.

ஒவ்வொரு சாக்கிலும் மூலிகையின் பெயர், பறித்த நாள், உலர்த்தி முடித்த நாள், வயலின் எண் ஆகியவற்றை எழுதிய சீட்டு தைக்கப்படுகிறது. இதற்கு இன்னொரு பயனும் உண்டு. 2023இல் திருத்தப்பட்ட உயிரியல் பல்வகைமைச் சட்டம், பயிரிட்ட மூலிகைகளுக்குச் சில விலக்குகளைத் தருகிறது. காட்டில் எடுத்ததன்று, பயிரிட்டதே என்று காட்டச் சான்று வேண்டும். அந்தச் சான்று கேட்கும்போது இப்படிப்பட்ட பதிவு கைகொடுக்கும்.

வரவு எங்கே கூடியது

இரண்டாம் திட்டத்தின் இரண்டு ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது முதலில் எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. நூறு ரூபாய் வரவில் கண்வலி அறுபதாகக் குறைந்து, நிலாவாரை இருபது, முருங்கை பன்னிரண்டு, கீழாநெல்லியும் வேலி இலையும் சேர்ந்து எட்டு என்று பிரிந்திருந்தது. ஆனால் துணை மூலிகைகள் தந்த தொகையில் பாதிக்கு மேல் அவற்றின் பறிப்புக் கூலிக்கும் உலர்த்தலுக்கும் போயிருந்தது. நிலாவாரையை மட்டும் தனியே எடுத்து ஏக்கர் கணக்குப் போட்டால், அது மக்காச்சோளத்தைவிடச் சற்று மேல், அவ்வளவுதான். இப்படித் தனித்தனியே கணக்குப் போடும் ஒருவர் இந்தத் திட்டத்தைக் கைவிட்டிருப்பார்.

பணம் வந்த மாதத்தைப் பார்க்க வேண்டும். நிலாவாரையின் மூன்று பறிப்புகளும் சித்திரைக்கும் ஆனிக்கும் இடையே விற்றன, கீழாநெல்லி ஆவணியில். அந்தத் தொகை ஆடி நடவுச் செலவையும், புரட்டாசி முதல் கார்த்திகை வரையிலான மகரந்தக் கூலியில் பெரும்பகுதியையும் ஏற்றது. இந்தத் திட்டத்தின் முதல் ஆண்டில் தரகரின் முன்பணம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இரண்டாம் ஆண்டில் வாங்கவே இல்லை. முன்பணம் இல்லாததால் மாசியில் விற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. விதையில் ஒரு பகுதியை அறுவடையில் விற்றுக் கைச்செலவுக்கு வைத்துக்கொண்டு, மீதியை உலர்ந்த அறையில் தூக்கி வைத்து, மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டு வைகாசியில் விற்றார். நிகர வரவு கூடியதில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. சிறு மூலிகைகள் தாம் சம்பாதித்ததைவிட, பெரிய மூலிகையின் கழுத்திலிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டதன் மூலமே வருமானத்தைக் கூட்டின. எந்த ஏக்கர் கணக்கிலும் இந்தத் தொகை நிலாவாரையின் பெயரில் ஏறாது.

காத்திருந்து விற்பதிலும் இடர் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. முதல் ஆண்டில் வைகாசி விலை மாசி விலையைவிட மிகச் சிறிதே கூடுதலாக இருந்தது. அறையில் வைத்ததற்கும் புரட்டி உலர்த்தியதற்கும் ஆன உழைப்பைக் கணக்கில் எடுத்தால் இலாபம் ஏதுமில்லை. இரண்டாம் ஆண்டில்தான் ஆதாயம் தெரிந்தது. அவர் இப்போது முழுவதையும் தேக்கி வைப்பதில்லை. மூன்று தவணையாக விற்கிறார்.

நிலாவாரைக்கு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும் என்று நான் சொன்னேன். தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்றே 2019ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. விதைப்புக்கு முன்பே விலையையும் தரத்தையும் எழுதிப் பதிவுசெய்ய வழி உண்டு. வாங்குபவரோ இவ்வளவு சிறிய பரப்புக்குப் பத்திரம் எழுத ஆர்வம் காட்டவில்லை. அக்கம்பக்கத்து நான்கைந்து பண்ணைகள் சேர்ந்து ஒரே மாசியில் விதைத்தால் ஒரு முழு லாரிச் சரக்கு தேறும், அப்போது பேச்சு வேறாக இருக்கும். அந்த முயற்சி இன்னும் பேச்சாகவே இருக்கிறது. பக்கத்துக்காட்டுக்காரர் ஒருவர் மட்டும் ஓர் ஏக்கர் விதைத்திருக்கிறார்.

தீராத முடிச்சு ஒன்று உண்டு. கீழாநெல்லியைப் பிடுங்கும் வாரமும் கண்வலி நடும் வாரமும் ஆடியில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. நாற்றங்காலைப் பங்குனிக்கு முன்தள்ளினால் முருங்கை காய்ப்பின் உச்சத்தில் நீர் போட்டி வருகிறது. பின்தள்ளினால் மழைக்கு முன் உலராது. கடந்த ஆண்டு பாதிப் பாத்தியை மட்டும் நட்டுச் சமாளித்தார்கள்.

அரை ஏக்கர் அமுக்கராவை மீண்டும் வைத்துப் பார்க்கலாம் என்று அவருக்கு ஆசை இருந்தது. வறண்ட செம்மண்ணுக்கு ஏற்ற பயிர், வேருக்கு நல்ல கேட்பும் இருக்கிறது. விதைப்பிலிருந்து நூற்றைம்பது, நூற்றெண்பது நாள் எண்ணிப் பார்த்தபோது தோண்டும் வேலை மறுபடியும் மாசியில், கண்வலிக் காயின்மேல் வந்து விழுந்தது. மனைவி சுவரிலிருந்த காலண்டரில் அந்த மாதத்தைத் தொட்டுக் காட்டினாராம். அமுக்கரா தள்ளிவைக்கப்பட்டது, நான் கடைசியாகப் போனபோது, வீட்டுக்கு வடபுறம் இரண்டாவது உலர்த்தும் கொட்டகைக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.